சிலிண்டர் ஊசியும் நானூறு மணி நேரமும்

பிளஸ் டூ முடிவு வந்து மூன்று நாள் ஆகியிருக்கும். எதிர் வீட்டுப் பெண் செய்தித்தாளிலிருந்து கிழித்த துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். 108 ஆம்புலன்ஸ் வேலைக்கான ஆள்தேர்வு அறிவிப்பு. ஏதாவது ஒரு மாவட்டத்தின் பெயரில் அடிக்கடி வந்துகொண்டே இருக்கும் அறிவிப்புதான். பதினான்கு வருடங்களுக்கு முன் நானும் இதே போன்ற துண்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனவன் என்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, நீங்கள் விலங்கியல் படித்துவிட்டுத்தானே இதில் சேர்ந்தீர்கள்? நானும் அப்படியே செய்யட்டுமா? இல்லை, இதற்கென்றே இருக்கிற படிப்பில் நேராகச் சேர்ந்துவிடட்டுமா?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் வழவழவென்று போய்விட்டது. அவளுடைய அப்பா வேறு நடுவில் வந்துவிட்டார். அதனால் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

அந்த அறிவிப்பில் இரண்டு வேலைகள் இருக்கும். ஒன்று ஓட்டுநர். வண்டிக்குள் அவர் பெயர் பைலட். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, உரிமம், பேட்ஜ், 162.5 சென்டிமீட்டர் உயரம் என்று கேட்பார்கள்; தேர்வானால் பத்து நாள் பயிற்சி. மற்றது மருத்துவ உதவியாளர். நாங்கள் ஈ.எம்.டி. என்போம். செவிலியர் படிப்போ, மருந்தியலோ, ஆய்வக நுட்பமோ, விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற உயிர் அறிவியல் பட்டமோ இருந்தால் போதும். எழுத்துத் தேர்வு, உடற்கூறும் முதலுதவியும் பற்றி வாய்மொழிக் கேள்விகள், மனிதவள நேர்முகம். தாண்டிவிட்டால் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றும் சேர்த்து 50 நாள் பயிற்சி. பிறகு பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி. சம்பளம் சில வருடங்களுக்கு முன்வரை பதினைந்து, பதினாறாயிரத்தைச் சுற்றி இருந்தது.

வெளியே எங்களுக்கென்று நிலையான பெயர் கிடையாது. பத்திரிகைகள் 'அவசரகால மருத்துவ நுட்புநர்' என்று எழுதும். அந்தச் சொல்லை வாயால் சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஊருக்குள் போனால் கம்பவுண்டர், டாக்டர் தம்பி, 108காரர். ஒரு கிழவர் என்னை 'ஆக்சிஜன்காரர்' என்றே கூப்பிட்டார். அந்தப் பெயர் எனக்கு ஏன் உறுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பர் 15 அன்று. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், 2005 ஆகஸ்ட் 15 அன்று, ஐதராபாத்தில் ஆரம்பித்த ஏற்பாடு அது. இங்கே யார் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மணி அடிக்கும். அங்கிருந்து பக்கத்து வண்டிக்குச் செய்தி போகும். அதற்கு முன் எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் என்றால் டாக்ஸி நிறுத்தத்தில் நின்ற ஒரு வெள்ளை ஆம்னி வேன். உயிரோடு இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அதுதான், இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். பின்னால் ஏறி உட்கார ஒரு பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களை மட்டும் குறை சொல்லவேண்டாம். 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி வெளியிட்ட அறிக்கை, அந்த நாட்டு ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கம் செய்பவர்கள்தான் நடத்துகிறார்கள் என்று சொன்னது. காரணம் எளிது. ஆளை நீட்டிப் படுக்கவைக்கிற அளவு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது.

என் 50 நாளுக்கு வருகிறேன். முதல் வாரம் முழுக்க, இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான பொம்மை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத ரப்பர் பொம்மையின் நெஞ்சில் இரண்டு கையையும் பின்னி வைத்து அழுத்தவேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஆறைத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஆழம் சரியாக இருந்தால் பொம்மைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நாங்கள் முப்பது பேர் வியர்க்க வியர்க்க அழுத்தினோம். முதல் முறை உண்மையான மனிதரின் நெஞ்சில் கை வைத்தபோது நான் அறியாமல் காத்திருந்தது அந்த 'டக்'குக்குத்தான். அது வரவில்லை. வந்தது விலா எலும்பு நெரிபடும் வேறொரு சத்தம். கையை எடுத்துவிட்டேன். பக்கத்திலிருந்த அனுபவசாலி, "நிறுத்தாதே, அப்படித்தான் கேட்கும்" என்று முழங்கையால் இடித்தார்.

பிறகு மருத்துவமனைப் பயிற்சி. விபத்துப் பிரிவில் ஒரு வாரம், பிரசவ அறையில் சில நாள். பிரசவ அறையில் ஆண் பயிற்சியாளர்கள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்போம். அங்கிருந்த மூத்த செவிலியர் அம்மா ஒருவர் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "குழந்தை தானாக வரும். நீ பிடித்துக்கொள், இழுக்காதே." மூன்று வருடங்கள் கழித்து ஒரு அதிகாலையில், கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊருக்கு மேலே நிறுத்திய வண்டிக்குள், என் கை இழுக்கப் போய் நின்றது அந்த அம்மாவின் குரலால்தான். இந்த வேலையில் பாதி அறிவு எதைச் செய்யக்கூடாது என்பதுதான். விபத்தில் விழுந்தவரை உட்காரவைக்காதே. ஹெல்மெட்டைத் தனியாளாகக் கழற்றாதே. ஒருவர் கழுத்தைத் தாங்க, ஒருவர் கழற்றவேண்டும். தண்ணீர் கொடுக்காதே. சுற்றி நிற்கும் கூட்டத்துக்கோ இதெல்லாம் சோம்பேறித்தனமாகத் தெரியும். "சும்மா நின்றுகொண்டிருக்கிறாயே" என்று சட்டையைப் பிடித்தவர்களும் உண்டு.

ஐம்பது நாளை நாளுக்கு எட்டு மணி நேரம் என்று பெருக்கினால் நானூறு மணி நேரம். பல வருடங்கள் இந்த நானூறை நான் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு வருடம் படித்தவன் செய்வதை நாங்கள் ஐம்பது நாளில் கற்றுச் செய்கிறோம் என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூட வாதாடியிருக்கிறேன். அந்த வாய் அடங்கியது கொல்லிமலையில்.

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகப் போனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. அன்று இரவு ஷிப்ட். மூச்சுத்திணறலோடு ஒரு பாட்டியைச் செம்மேட்டிலிருந்து நாமக்கல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டிய கருவி 78 சதவீதம் காட்டியது. தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்காரவைத்து, பை வைத்த மாஸ்க்கைப் போட்டு நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஆக்சிஜன் திறந்துவிட்டேன். 93க்கு வந்தது. பேத்தி பாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பைலட் அண்ணன் வளைவுகளில் வண்டியை மெதுவாக மடக்கினார். எல்லாம் சரியாகப் போவதாக நினைத்துக்கொண்டு நான் பதிவுத்தாளை நிரப்பத் தொடங்கினேன்.

பாதி வளைவு தாண்டியிருக்கும். மாஸ்க்கின் கீழே இருக்கும் பை முன்போல் உப்பவில்லையோ என்று ஒரு சந்தேகம். சிலிண்டரின் அழுத்தம் காட்டும் ஊசியைப் பார்த்தேன். 20இல் நின்றது. பரவாயில்லை, இன்னொன்று இருக்கிறதே என்று இரண்டாவது சிலிண்டரைத் திறந்தேன். ஊசி எழவே இல்லை. முந்தைய ஷிப்டில் அது தீர்ந்திருந்தது. அப்படித்தான் பதிவேட்டிலும் தெளிவாக எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. படிக்காமல் போட்டது.

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்?"

"காரவள்ளிக்கு முப்பது, முப்பத்தைந்து நிமிடம். ஏன் தம்பி?"

சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலாம். அடுத்த வளைவில் கொஞ்சம் சிக்னல் வரும் என்று தெரிந்து வண்டியை ஓரம் கட்டினார். அவர் கீழே இருக்கிற வண்டிக்குப் பேச, நான் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவரிடம் பேசினேன். அந்த மருத்துவர் கேட்டது மூன்றே கேள்வி. "ஊசி எவ்வளவு? எந்த சிலிண்டர்? ஓட்டம் எத்தனை?" இருபது, பி டைப், பத்து என்றேன். மறுமுனையில் மூச்சு விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும். "இப்படியே விட்டால் இருபது நிமிடம். சாதாரண மாஸ்க்குக்கு மாற்றி ஆறாகக் குறையுங்கள், முப்பது நிமிடத்துக்கு மேல் வரும். 88க்குக் கீழே போனால் மறுபடி கூப்பிடுங்கள்."

ஆறுக்குக் குறைத்தேன். 93 மெல்ல இறங்கி 89இல் வந்து நின்றது. கீழே வரும்வரை நான் வேறெதையும் பார்க்கவில்லை, அந்த இரண்டு எண்களைத் தவிர. காரவள்ளியில் இன்னொரு வண்டி விளக்கைச் சுழலவிட்டபடி நின்றிருந்தது. பைலட் அண்ணன் இறங்கி ஓடி, சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஸ்பேனரால் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து நாள் பயிற்சி பெற்றவர். பாட்டி பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வீடு திரும்பினார் என்று பேத்தியே போனில் சொன்னாள்.

என்னை அரித்தது அந்தக் கணக்கு. மருத்துவர் ஒரு மூச்சில் போட்ட கணக்கு எனக்குத் தெரியாது. அது பெரிய கணக்கும் இல்லை. பி டைப் சிலிண்டர் பத்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அளவு. முழுதாக நிரப்பினால் ஊசி 150 காட்டும்; உள்ளே இருப்பது ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் வாயு. அதாவது ஊசி காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் லிட்டர். அதை ஓட்டத்தால் வகுத்தால் நிமிடம். பத்து லிட்டர் ஓட்டம் என்றால் ஊசி எத்தனையோ அத்தனை நிமிடம். ஐந்தாம் வகுப்புப் பையன் போடுவான். எனக்கு நானூறு மணி நேரத்தில் 'ஊசியைப் பார்' என்று சொல்லியிருந்தார்கள். ஊசி சிவப்புக்கு வந்தால் மாற்று என்பது தெரியும். இருபது என்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசிக்கத் தெரியாது. பயிற்சிக்கும் படிப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எனக்கு அந்த மலை இறக்கத்தில்தான் புரிந்தது. அந்தக் கிழவர் 'ஆக்சிஜன்காரர்' என்று கூப்பிட்டது அதற்கு அடுத்த மாதம். பாவம், அவர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

அதே சமயம் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்ல நான் பிட்ஸ்பர்க் வரை போகவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதுவரை அங்கே நோயாளியைத் தூக்கிப் போனது போலீஸ் வேன். பீட்டர் சஃபார் என்ற மயக்க மருத்துவர், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர், ஒரு பாடத்திட்டம் வகுத்தார். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களைச் சேர்த்தார்கள். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் உண்டு. உடற்கூறு, நெஞ்சழுத்தம், மூச்சுப்பாதை, வண்டி ஓட்டம், மருத்துவமனைப் பயிற்சி என்று முந்நூறு மணி நேரம். எங்கள் நானூறைவிடக் குறைவு. அந்த ஆட்கள் அந்தக் காலத்து அமெரிக்காவிலேயே தேர்ந்த ஆம்புலன்ஸ் ஊழியர்களாக மாறினார்கள். 1974இல் நான்சி கரோலைன் என்ற இளம் மருத்துவர் பொறுப்பேற்று, அவர்களோடு வண்டியிலேயே சுற்றி மேற்கொண்டு கற்றுக்கொடுத்தார். அந்நாட்டின் துணை மருத்துவர்களுக்கான பாடத்திட்டத்தை உருவாக்கியவரும் அவர்தான்.

1975இல் நகராட்சி சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. பழைய ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு புதுத் தேர்வு, புது விதி என்று ஒவ்வொருவராகக் கழித்துவிட்டார்கள். கை தெரிந்தவர்கள் வெளியே போக, காகிதம் வைத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். மிஞ்சிய சிலரில் ஜான் மூன் என்பவர் பல வருடங்கள் தாக்குப்பிடித்து அந்தச் சேவையின் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். தோல் நிறம்தான் அங்கே முக்கியக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குக் கிடைத்த கருவி சான்றிதழ்தான்.

இதை நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021இல் நம் நாடாளுமன்றம் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர மருத்துவப் பணியாளர்களும் அதன் அட்டவணையில் இருக்கிறார்கள். முதல் முறையாக எங்களுக்குச் சட்டத்தில் ஒரு பெயர். நல்லதுதான். அந்தச் சட்டத்தில் துணைநிலை மருத்துவப் பணியாளர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் அவர் குறைந்தது 2000 மணி நேரம் படித்திருக்கவேண்டும், இரண்டிலிருந்து நான்கு வருடங்களில். அதற்கு மேல்நிலையில் இருப்பவருக்கு 3600 மணி நேரம். என்னுடைய நானூறு இந்தக் கணக்கில் எங்கே உட்காரும்? பத்து, பதினைந்து வருடங்களாக இரவெல்லாம் வண்டியில் போய்க்கொண்டிருப்பவர்கள் எத்தனை ஆயிரம் மணி நேரம் சேர்த்திருப்பார்கள்? அதை எந்தப் பாடத்திட்டத்தில் கூட்டுவது? அவர்களுக்கென்று ஓர் இணைப்புப் படிப்பு, வேலையை விடாமல் படிக்கும்படி, இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் பிட்ஸ்பர்க் இங்கேயும் நடக்கும், நிறம் இல்லாமலே.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கவலை வேண்டாம். அவளுக்கு வயது பதினேழு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற பி.எஸ்ஸி. இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி. அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள், நீட் வேண்டாம். அவ்வளவு காலம் முடியாது என்றால் ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. விலங்கியல் படித்துவிட்டு வருவது பின்வாசல். நான் வந்த வழி அது. வேலைக்குள் நுழைய அது போதும், மாடி ஏறப் போதாது. என்னோடு சேர்ந்தவர்களில் செவிலியர் படிப்பு இருந்தவர்கள் சில வருடங்களில் மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். வளைகுடாவுக்கு விண்ணப்பித்த நண்பரிடம் முதலில் கேட்டது அவர் எத்தனை உயிரைக் காப்பாற்றினார் என்பதை அல்ல. பட்டம் எதில், எத்தனை வருடம், சான்றிதழைச் சரிபார்க்க அனுப்பு என்பதைத்தான். நானே ஏழு வருடம் வண்டியில் இருந்துவிட்டு, முதுகு வலி தாங்காமல் இறங்கி, இன்று ஒரு தனியார் கல்லூரியின் செய்முறைக் கூடத்தில் பொம்மைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாடம் எடுப்பது பட்டம் உள்ளவர். சிலிண்டர் கணக்கை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன், அந்த வகுப்பை நானே எடுக்கிறேன்.

இதையெல்லாம் வாசல்படியில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய அப்பா வந்தார். லாரி ஓட்டுநர். நாமக்கல் பக்கம் லாரியோடு சம்பந்தமில்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

"பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு தம்பி? ராத்திரியில் முன்னே பின்னே தெரியாத ஆளோடு வண்டியில்."

பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பிரசவ அழைப்பில் எங்களைவிட அவர்களைத்தான் வீட்டார் நம்புகிறார்கள் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கம் திரும்பினார். "ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் பத்தாயிரம் அபராதம் என்று தெரியும். நான் எப்போதும் விட்டுவிடுவேன். ஆனால் ஒரு சந்தேகம். எழுபது வளைவிலும் உள்ளே இருக்கிற ஆள் உருளாமல் எப்படி மடக்குகிறார்கள்? நான் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்தாலே ஒரு பக்கம் சரிந்துவிடுகிறது." வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடவேண்டும், வளைவுக்குள் தொடக்கூடாது என்று பைலட் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். "அது சரி" என்று தலையாட்டினார். தொழில்காரர்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணிடம் சிலிண்டர் கணக்கைக் கொடுத்திருந்தேன். ஊசி 40, பி டைப், ஓட்டம் எட்டு லிட்டர், எவ்வளவு நேரம் வரும்? ஆள்தேர்வு அறிவிப்பின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். "ஐம்பது நிமிடம்" என்றாள்.

சரி என்றேன்.

பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ஊசி பூஜ்யம் வரும்வரையா அண்ணா விடுவீர்கள்? கடைசிச் சொட்டுவரை நம்பிப் போனால், நடுவில் ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ன செய்வது? கொஞ்சம் கழித்துக்கொள்ளவேண்டாமா?"